பழைய பேஸ்பால் அட்டைகள்: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, விலை ஏன் மாறுகிறது

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்கிவந்த டாப்ஸ் என்னும் சூயிங்கம் நிறுவனம் 1952-ஆம் ஆண்டு 407 பேஸ்பால் அட்டைகள் கொண்ட ஒரு வரிசையைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. 311-ஆம் எண்ணில் தொடங்கும் கடைசிப் பகுதி கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. சிறுவர்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்தின் பக்கம் திரும்பிவிட்டது. விற்காத பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் கிடங்கை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960 வாக்கில், அந்த வரிசையை வடிவமைத்தவர்களுள் ஒருவரான சை பெர்கர் அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்தார். அந்தப் பகுதியின் முதல் அட்டை யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டிலுடையது. அதன் ஒரு பிரதி 2022 ஆகஸ்டில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் பழைய அட்டை என்றாலே பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேகரிக்கத் தொடங்குவோர் முதலில் கைவிட வேண்டிய நினைப்பு இதுதான். ஓர் அட்டையைக் கையில் எடுத்ததும் அதன் வயதைக் கேட்பதற்கு முன், அது வெளிவந்த காலத்தில் எத்தனை பேர் அதைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள் என்றும், இன்று எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்றும் கேட்டுப் பழக வேண்டும். விலையின் ஏற்ற இறக்கங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

மேன்டில் அட்டையையே எடுத்துக்கொள்வோம். அச்சுத்தாளில் அதற்கும், அதை அடுத்து வரும் ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் ஆகியோரின் அட்டைகளுக்கும் இரண்டிரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே அதே கடைசிப் பகுதியில் வந்த, பெயர் மறந்துபோன பல ஆட்டக்காரர்களின் அட்டைகள் மேன்டிலைவிட அரியவை. ஆனால் அவற்றின் விலை மேன்டிலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மேலும் இது மேன்டிலின் முதல் அட்டையும் அல்ல. முதல் அட்டையை 1951-இல் போமன் நிறுவனம் வெளியிட்டது. கடலில் கொட்டிய கதை, 1950-களில் சிறுவராக இருந்த ஒரு தலைமுறையின் ஏக்கம், டாப்ஸின் பெரிய வண்ண அட்டையின் அழகு ஆகியவை ஒன்று சேர்ந்துதான் 1952-ஆம் ஆண்டு அட்டையை உச்சியில் ஏற்றி வைத்தன. அரிதாக இருந்தால் மட்டும் போதாது, அதை வேண்டி நிற்கும் கூட்டமும் இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான காட்சியை 1980-களின் பிற்பகுதியில் காணலாம். அம்மா குப்பையில் போட்ட அட்டை ஆயிரம் டாலர் பெறுகிறது என்ற செய்தி நாளிதழ்கள்தோறும் வந்தபோது, வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாக அட்டைகளை வாங்கிப் பிரிக்காமலே பரணில் அடுக்கினார்கள். டாப்ஸ், டான்ரஸ், ஃப்ளீர், ஸ்கோர், அப்பர் டெக் என ஐந்து நிறுவனங்கள் கணக்கில்லாமல் அச்சிட்டுத் தள்ளின. 1994 ஆகஸ்டில் தொடங்கிய ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் அந்த ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே நடக்காமல் போக, ஏற்கெனவே தளர்ந்திருந்த சந்தை சரிந்தது. சேகரிப்பாளர்கள் அக்காலத்துச் சரக்குக்கு ‘ஜங்க் வேக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜங்க் என்றால் குப்பை, வேக்ஸ் என்பது அட்டைகளைச் சுற்றியிருந்த மெழுகுத்தாள். எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள், அதனால் எவருக்கும் அது தேவைப்படவில்லை. யாராவது உங்களிடம் 1988 அல்லது 1990-ஆம் ஆண்டுப் பெட்டிகளை “அரிய பழைய சரக்கு” என்று நீட்டினால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். விதிவிலக்குகள் சில உண்டு: அப்பர் டெக் 1989-இல் வெளியிட்ட முதல் எண் அட்டையான கென் கிரிஃபி ஜூனியர், டாப்ஸ் 1990-இல் முன்பக்கத்தில் பெயர் விடுபட அச்சிட்ட ஃபிராங்க் தாமஸ் போன்றவை. கிரிஃபி அட்டை ஏராளமாகக் கிடைக்கிறது. குறையற்ற பிரதிக்கு மட்டுமே நல்ல விலை. தாமஸ் அட்டை அச்சுப்பிழையால் உண்மையிலேயே அரிதாகிப்போனது.

எந்தக் காலத்தை எடுத்துக்கொள்வது

எல்லாவற்றையும் சேர்க்க முயல்பவர் எதையும் அறிந்துகொள்ளாமல் பணத்தை இழப்பார். ஒரு காலத்தை, அல்லது ஓர் அணியை, அல்லது ஒரே ஒரு வரிசையைத் தேர்ந்துகொண்டு அதில் நூறு அட்டைகளையாவது கையால் தொட்டுப் பார்த்த பிறகு பெரிய தொகையைச் செலவழிப்பது நல்லது.

மிகப் பழையவை சிகரெட் பெட்டி வளையாமல் இருக்க உள்ளே செருகப்பட்ட அட்டைகள். இவற்றுள் இன்றும் பெரும்பாலோர் சேகரிப்பது 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட, ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட டி206 வரிசை. ‘டி’ என்பது இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டையைக் குறிக்கும் எழுத்து. ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தம் பட்டியல் நூலில் வகுத்த முறை இது. (அவர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துணுக்குகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூட்டுவாதம் முற்றிய கைகளாலேயே அவற்றை ஆல்பங்களில் ஒட்டி முடித்தார், முடித்த சில வாரங்களில், 1963-இல், இறந்துபோனார்.) இந்த வரிசையில்தான் பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை இருக்கிறது. அவர் இசைவு தராததால் அச்சு விரைவிலேயே நிறுத்தப்பட்டது. இன்று ஏறக்குறைய 50 முதல் 60 பிரதிகளே அறியப்பட்டுள்ளன. வாக்னர் நமக்கு எட்டாத கனி. ஆனால் அதே வரிசையின் சாதாரண ஆட்டக்காரர் ஒருவரை, முனை மழுங்கிய நிலையில், ஒரு குடும்பம் வெளியில் போய்ச் சாப்பிடும் செலவில் வாங்கிவிடலாம். நூறாண்டுக்கு முற்பட்ட கல்லச்சு வண்ணத்தைக் கையில் ஏந்துவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. இவ்வகை அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் என்ற சிகரெட் விளம்பரங்கள் மலிந்தவை, டிரம், உசிட், பிராட் லீஃப் போன்ற பெயர்கள் இருந்தால் அதே ஆட்டக்காரருக்குப் பல மடங்கு விலை.

மிட்டாய், சூயிங்கம் அட்டைகள் அடுத்து வந்தன. எத்தனை பேர் பத்திரப்படுத்தினார்கள் என்ற கேள்விக்கு இங்கே அழகான விடைகள் கிடைக்கும். 1914-இல் கிராக்கர் ஜாக் அட்டைகள் சர்க்கரைப் பாகு பூசிய சோளப்பொரியோடு ஒரே பெட்டிக்குள் கிடந்தன. எனவே பாகுக் கறையில்லாத அட்டை அபூர்வம். மறு ஆண்டு முழு வரிசையையும் அஞ்சல் வழியாகப் பெற நிறுவனம் வழிசெய்ததால், 1915-ஆம் ஆண்டு அட்டைகள் சுத்தமாகவே கிடைக்கின்றன. இரண்டும் முன்பக்கத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். 1915-இல் பின்பக்க எழுத்து தலைகீழாக இருக்கும் என்பது அடையாளம். பாஸ்டனின் கௌடி நிறுவனமோ 1933-இல் 106-ஆம் எண்ணை வெளியிடாமலே விட்டுவிட்டது. இல்லாத அட்டையைத் தேடிச் சிறுவர்கள் சூயிங்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கடிதம் எழுதி முறையிட்டவர்களுக்கு மட்டும் 1934-இல் அந்த எண்ணில் நாப் லாஜோய் என்ற ஆட்டக்காரரின் அட்டையை அச்சிட்டு, காகிதக் கிளிப்பில் மாட்டி அனுப்பினார்கள். இன்று காணப்படும் லாஜோய் அட்டைகள் பலவற்றில் அந்தக் கிளிப்பின் தடம் பதிந்திருக்கிறது.

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது 1957 முதல் 1973 வரையிலான டாப்ஸ் அட்டைகள். 1957-இல்தான் இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் என்ற இன்றைய அளவு நிலைத்தது. 1973 வரை அட்டைகள் பகுதி பகுதியாகவே வெளிவந்தன. பருவத்தின் இறுதியில் வந்த உயர் எண்கள் குறைவாக விற்றதால் அவை இன்று அரியவை. 1967-இல் டாம் சீவரின் முதல் அட்டை 581 என்ற உயர் எண்ணில் வந்ததும் அதன் விலைக்கு ஒரு காரணம். 1974 முதல் முழு வரிசையும் ஒரே முறையில் வந்துவிட்டதால் இந்த வேறுபாடு மறைந்துபோயிற்று.

அட்டையில் ஆண்டு அச்சிடப்படாமல் இருப்பது தொடக்கக்காரர்களைக் குழப்பும். பின்பக்கப் புள்ளிவிவரத்தின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே 1970 என்று முடிந்தால் அட்டை 1971-ஆம் ஆண்டினது.

கையில் எடுத்துச் சோதிப்பது

ஓர் அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், புறஊதா டார்ச், வலுவான மேசை விளக்கு ஆகியவை போதும். முதலில் அளவு: டாப்ஸ் 1983-இல் தன் 1952-ஆம் ஆண்டு வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது. மூல அட்டை 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் உடையது. மறுபதிப்போ இன்றைய சிறிய அளவில் இருக்கும். பின்பக்கத்தில் மறுபதிப்பு என்ற சொல்லைச் சுரண்டி அழித்துவிட்டு விற்பவர்கள் உண்டு. அளவை அவர்களால் வளர்த்துவிட முடியாது. அடுத்து லென்ஸால் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். மூல அச்சில் கறுப்புக் கோடுகளும் பெயர்களும் ஒரே மையாகத் திடமாக இருக்கும். ஒளிப்படம் எடுத்து நகலச்சிட்டவற்றில் எழுத்தின் ஓரமே வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். இருட்டறையில் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தாள் மங்கலாகவே கிடக்கும். வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்ந்த பிற்காலத் தாள் நீலவெள்ளையாக ஒளிரும். 1910-ஆம் ஆண்டு அட்டை எனச் சொல்லப்படுவது துணிக்கடை விளம்பரப் பலகைபோல் மின்னினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

போலியைவிடத் தொல்லை தருவது திருத்தப்பட்ட உண்மையான அட்டை. சில ஆண்டுகளுக்கு முன் நியூஜெர்சியில் ஒரு வார இறுதிச் சந்தையில் 1971-ஆம் ஆண்டு தர்மன் மன்சன் அட்டையை 60 டாலர் கொடுத்து வாங்கினேன். அந்த ஆண்டு அட்டைகளின் சுற்றுப்பட்டை முழுக் கறுப்பு. கை பட்டாலே முனை உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரியும் என்பதால், ஓரம் முழுவதும் கறுப்பாகவே இருந்த பிரதியைக் கண்டதும் மனம் இளகிவிட்டது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் அட்டையை நேராகப் பார்க்காமல், அதன் கனம் தெரியும்படி பக்கவாட்டில் திருப்பி லென்ஸை வைத்தேன். வெட்டப்பட்ட பக்கம் வெளிறிய தாள் நிறத்தில் இருக்க வேண்டியது, மூன்று இடங்களில் மை ஊறி ஊதாக் கறுப்பாக இருந்தது. யாரோ பேனாவால் முனைகளைப் பூசியிருந்தார்கள். விற்றவர் தமக்கும் தெரியாது என்றார், இருக்கலாம். அன்று முதல் கறுப்பு ஓர அட்டை எதையும் பக்கவாட்டில் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

ஓரத்தைச் சீவிக் கூர்மையாக்குவது இதைவிடப் பெரிய ஏமாற்று. ஐம்பது ஆண்டு பழைய அட்டையின் நான்கு முனைகளும் ஊசியாக இருந்து, அளவு மட்டும் ஒரு மயிரிழை குறைந்தால் ஐயுற வேண்டும். அதே ஆண்டின் மலிவான அட்டை ஒன்றை அருகே வைத்து, இரண்டையும் மேசையில் தட்டிச் சமப்படுத்தி ஒப்பிடுவது எளிய வழி. உலகின் மிகப் புகழ்பெற்ற பேஸ்பால் அட்டையே இப்படிச் சீவப்பட்டது. ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டை, அட்டைகளுக்குத் தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் முதல் சான்றிதழ் எண்ணோடு பத்துக்கு 8 என்ற தரம் பெற்று, 2007-இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரத்தைச் சீவியது தாமே என்று ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார்.

மடிப்புகளைக் கண்டுபிடிக்க, விளக்கொளி சாய்வாக விழும்படி அட்டையை மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். நேரொளியில் தெரியாத சுருக்கம் அப்போது வெள்ளிக்கோடாகத் தோன்றும். பிறகு நான்கு பக்க ஓரப்பட்டைகளின் அகலத்தை ஒப்பிடுங்கள். படம் நடுவில் அமையாத அட்டைக்கு முனைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பு இறங்கிவிடும். பின்பக்கத்தில் சூயிங்கம் கறையும் மெழுகுக் கறையும் வழக்கமானவை; இவற்றைத் துடைக்க முயல வேண்டாம்.

தரமதிப்பீடு எப்போது தேவை

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் ஆகிய நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து 1 முதல் 10 வரை எண்ணிட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. 1 கோடியே 26 லட்சத்துக்குப் போன மேன்டில் 9.5 தரத்தினது, கசங்கி மடிந்து 1 என்ற தரம் பெற்ற அதே அட்டைக்குக்கூடப் பல்லாயிரம் டாலர் கிடைக்கும் என்றாலும், இடைப்பட்ட தூரத்தைப் பாருங்கள். தரமிட்டால் கூடும் தொகை, கட்டணத்தையும் அஞ்சல் காப்பீட்டையும் தாண்டுமா என்று கணக்குப் போட்ட பிறகே அனுப்ப வேண்டும். 2020-21 காலத்து அட்டை வாங்கும் வெறியில் எல்லாரும் எல்லாவற்றையும் அனுப்ப, 2021 மார்ச் இறுதியில் பிஎஸ்ஏ தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஒவ்வொரு தரத்திலும் எத்தனை அட்டைகள் உள்ளன என்ற எண்ணிக்கையை இந்நிறுவனங்கள் வெளியிடுகின்றன. அண்மைக்கால அட்டைகளில் அந்த எண் ஏறிக்கொண்டேதான் போகும். இன்று நூறாக இருக்கும் 10-ஆம் தரம் அடுத்த ஆண்டு ஆயிரமாகலாம். புகையிலைக் காலத்து அட்டைகளில் அவ்வளவு ஏற்றத்துக்கு இடமில்லை.

விலையைக் கண்டறிவது

1984-இல் புள்ளியியல் பேராசிரியரான ஜேம்ஸ் பெக்கெட் மாதாந்திர விலைப்பட்டியல் இதழைத் தொடங்கியபோது, அதில் அச்சான எண்ணே வேதவாக்காக இருந்தது. இன்று ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றின் பட்டியலைப் பார்ப்பதே சரி. விற்பவர் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கேட்பதற்குக் காசு செலவாவதில்லை. அதே அட்டை, அதே தரம், அதே தரமதிப்பீட்டு நிறுவனம் என்ற மூன்றும் பொருந்தும் கடைசி ஐந்தாறு விற்பனைகளை எடுத்து, விபரீதமாக உயர்ந்த ஒன்றையும் தாழ்ந்த ஒன்றையும் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியைக் கொள்ளுங்கள். ஏல நிறுவனங்கள் அறிவிக்கும் தொகையில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருப்பது வழக்கம். நீங்கள் விற்றால் அந்தத் தொகை முழுதும் உங்கள் கைக்கு வராது.

ஆட்டம் தொடங்கும் வசந்த காலத்தில் விலைகள் ஏறி, குளிர்காலத்தில் இறங்குவது வாடிக்கை; ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர்களிடம் இது அதிகம். சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ்மன்றத்தின் தேர்வு ஜனவரியில் அறிவிக்கப்படும்போது ஓய்வுபெற்றவர்களின் அட்டைகள் துள்ளும், பிறகு அடங்கும். செய்தி வந்த வாரத்தில் வாங்குபவர் பெரும்பாலும் உச்சத்தில்தான் வாங்குகிறார். இளம் ஆட்டக்காரர் அட்டை என்பது ஒருவரின் முழங்காலையும் தோள்பட்டையையும் நம்பிப் பணம் போடுவது. மைக் டிரவுட்டின் ஒரே பிரதி அட்டை ஒன்று 2020 ஆகஸ்டில் 39 லட்சம் டாலருக்கு மேல் போய்ச் சாதனை படைத்தது. ஆனால் அந்த வெறி தணிந்தபோது அண்மைக்கால அட்டைகளின் விலை பரவலாக வீழ்ந்தது. எண்ணிக்கை கூட வழியில்லாத பழைய அட்டைகள் அந்த அளவுக்கு அடிவாங்கவில்லை.

சாதனை விலைகளைப் படிக்கும்போது காலத்தையும் வகுத்துப் பார்க்க வேண்டும். கோடி டாலர் மேன்டிலை அதன் முந்தைய உரிமையாளர் 1991-இல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். 31 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 19 விழுக்காடு வளர்ச்சி. உலகின் மிகச் சிறந்த பிரதிகளுள் ஒன்றுக்குக் கிடைத்த கணக்கு இது. அதே 1991-இல் அதே 50,000 டாலருக்கு மெழுகுத்தாள் பெட்டிகளை வாங்கி அடுக்கியவருக்கு வாடகைக் கிடங்கின் செலவும் தேறியிருக்காது.

பாதுகாப்பது, விற்பது

அட்டையை முதலில் பென்னி ஸ்லீவ் எனப்படும் மெல்லிய உறையிலும், பிறகு டாப்லோடர் என்னும் கெட்டியான உறையிலும் வையுங்கள். பிவிசி கலந்த பழைய ஆல்பத் தாள்கள் நாளடைவில் பிசுபிசுத்து அச்சைத் தின்றுவிடும். வெயிலும் ஈரமும் எதிரிகள். பரண், அடித்தளம் இரண்டுமே கூடாது. ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் அறை அலமாரியே சிறந்தது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வாங்கிய நாள், விலை, விற்றவர் விவரம், இருபக்கப் படம் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் பதிந்து வாருங்கள். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து இலாபத்துக்கு விற்றால், சேகரிப்புப் பொருள் என்ற வகையில் 28 விழுக்காடு வரை வரி வரக்கூடும். வாங்கிய விலைக்குச் சான்று இல்லையென்றால் இலாபக் கணக்கு உங்களுக்குப் பாதகமாகவே முடியும். முழு வரிசை ஒன்றை விற்பதானால், நட்சத்திரங்களைத் தனியே எடுத்து விற்கும் ஆசையைச் சற்று அடக்கிப் பாருங்கள்: மீந்துபோகும் நானூறு சாதாரண அட்டைகளைப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அஞ்சலில் அனுப்பும்போது டாப்லோடரின் வாயைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டாமல், சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீலநிற டேப்பால் ஒட்டி, நுனியை மடித்து விடுங்கள். வாங்கியவர் கத்தியை எடுக்காமலே அதைப் பிரித்துவிடலாம்.